மூன்று சேற்றுப் போத்தல்களும் மெதேன் உண்ணிகளும்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வரும் எனக்கு, ஆழ்கடல் மெதேன் கசிவு என்பது பல ஆண்டுகளாக ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் விடயமாகவே இருந்தது. சூரிய ஒளி எட்டாத கடற்படுக்கையில் மெதேன் கசிகிறது, நுண்ணங்கிகள் அதை உண்கின்றன, அந்த நுண்ணங்கிகளை நம்பிக் குழாய்ப்புழுக்களும் மட்டிகளும் வாழ்கின்றன என்று சொல்லிக் குறிப்பு எழுதவைத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். 2023ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை வகுப்பில், கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"மிஸ், கசியிறது மெதேன் எண்டால், அந்தப் புழு ஏன் ஐதரசன் சல்பைட்டை உறிஞ்சுது? சல்பைட்டு எங்க இருந்து வந்தது?"

மெதேனோடு சேர்ந்து அதுவும் நிலத்தடியிலிருந்து வருகிறது என்று நான் உடனே பதில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். ஆனால் சொன்ன குரலில் இருந்த உறுதி எனக்குள் இருக்கவில்லை. அன்றிரவு படிக்க உட்கார்ந்தபோதுதான், நான் இத்தனை ஆண்டுகளாக ஒரே படியாகச் சொல்லி வந்தது உண்மையில் இரு வேறு அங்கிகள் கைகோத்துச் செய்யும் வேலை என்பதும், அந்தச் சல்பைட்டில் பெரும் பகுதி அடியிலிருந்து வருவதன்று, அதே சேற்றில், மெதேன் உண்ணப்படும்போதே உண்டாவது என்பதும் தெரியவந்தன.

கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய உயிர்க்கூட்டங்கள் 1977இல் பசிபிக் கடலின் கலாபகஸ் பிளவில் கண்டுபிடிக்கப்பட்டவை. அவற்றைப் பற்றி எல்லாரும் அறிவர். மெதேன் போன்றவை கசியும் இந்தக் குளிர்க் கசிவுகள் பின்னரே தெரியவந்தன. மெக்சிக்கோ விரிகுடாவில் புளோரிடாச் செங்குத்துச் சரிவின் அடிவாரத்தில், 3,200 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 'அல்வின்' என்னும் ஆய்வு நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் குழாய்ப்புழுக்களும் மட்டிகளும் செறிந்திருப்பதைக் கண்டு, சார்ள்ஸ் போலும் அவருடைய குழுவினரும் 1984இல் அதை அறிவித்தார்கள். அங்கே வெந்நீர் இல்லை. சுற்றியிருக்கும் கடல்நீரைப் போலவே குளிர்ந்த நீர்தான். வெப்பம் காரணமில்லை, கரைந்துள்ள இரசாயனப் பொருள்களே காரணம் என்பது அப்போது தெளிவாயிற்று.

இனி அந்தச் சல்பைட்டின் கதைக்கு வருகிறேன். கடல்நீரில் ஓர் இலீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு. கடற்படிவின் மேற்சில மில்லிமீற்றர்களிலோ சென்ரிமீற்றர்களிலோ ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. ஆனால் சல்பேற்று அதற்குக் கீழேயும் ஊறி இறங்குகிறது. அடியிலிருந்து மெதேன் மேலேறுகிறது. இரண்டும் சந்திக்கும் மட்டத்தில், பற்றீரியாவைப் போல ஒற்றைக் கலமுள்ள, ஆனால் தனிப் பிரிவான ஆர்க்கியா வகையைச் சேர்ந்த ஒரு கூட்டம் மெதேனின் காபனை ஒட்சியேற்றுகிறது. அதிலிருந்து விடுபடும் இலத்திரன்களை அடுத்திருக்கும் பற்றீரியா வாங்கிச் சல்பேற்றைத் தாழ்த்துகின்றன. மெதேனும் சல்பேற்றும் உள்ளே போக, இருகாபனேற்றும் சல்பைட்டும் நீரும் வெளியே வருகின்றன. மாணவி கேட்ட சல்பைட்டு இதுதான். புழு உறிஞ்சுவது, பிறர் மெதேனை உண்டு முடித்த பின் எஞ்சும் கழிவு.

அடுத்த வகுப்பில் தவறைத் திருத்திச் சொன்னேன். சொல்வது எளிது, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அது இன்னும் ஒரு சமன்பாடு மட்டுமே. சல்பேற்று இருக்கும் சேறும் இல்லாத சேறும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் கண்ணால் காட்டினால் மனதில் நிற்கும் என்று நினைத்தேன். உருசிய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கியின் பெயரால் அழைக்கப்படும் சேற்றுக் கம்பத்தை நான் பல்கலைக்கழகத்தில் செய்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் சேறு, கிழித்த கடதாசி, கொஞ்சம் சல்பேற்று, அவ்வளவுதான். இதில் நான் இட்ட பிழைகளே பிறருக்கு உதவக்கூடியவை என்பதால் அவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் சேறு. பேர வாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். ஆனால் நகரின் கழிவு கலந்த சேற்றை மாணவர்கள் கையாளும் இடத்துக்குக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. பாதுகாக்கப்பட்ட ஈரநிலங்களிலோ அனுமதியின்றி ஒரு பிடி மண்ணும் எடுக்கக்கூடாது. கடைசியில் மாலபேயில் தோழி ஒருத்தியின் குடும்பத்துக்குச் சொந்தமான, விதைப்பு நின்றுபோன வயலில் நன்னீர்ச் சேறு எடுத்தோம். களப்புச் சேற்றை, நீர்கொழும்பில் கடற்றொழில் செய்யும் ஒரு மாணவனின் மாமா, கண்டல் மரங்களின் ஓரத்திலிருந்து கடல்நீரோடு ஒரு வாளியில் அனுப்பிவைத்தார். வயற்சேறு எடுக்கும்போது நீண்ட இறப்பர்க் கையுறையும் பூட்சும் போட்டுக்கொள்வது கட்டாயம். எலிக்காய்ச்சல் இந்நாட்டு வயல்களில் விளையாட்டான விடயமன்று.

அடுத்தது சல்பேற்று. பழைய குறிப்புகள் பலவற்றில் அவித்த முட்டை மஞ்சட்கரு போடச் சொல்லியிருக்கும். நானும் போட்டேன். அது முழுப் பிழை. முட்டைப் புரதத்திலேயே கந்தகம் இருப்பதால், அது அழுகும்போதே ஐதரசன் சல்பைட்டு வெளிவரும்; சல்பேற்றுத் தாழ்த்தலால் வந்ததா, முட்டை அழுகியதால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போய்விடும். அந்தத் தொகுதி முழுவதையும் குழி வெட்டிப் புதைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டாம் முறை ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று, பயன்படுத்தினேன். கரும்பலகைச் சோக்கை இடித்துப் போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அதன்மேல் ஒரு துளி வினாகிரி விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அது கல்சியம் காபனேற்று. இந்தச் சோதனைக்கு உதவாது. நுரைக்காமல் கிடந்தால் ஜிப்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் கொண்டுபோன இரண்டு பெட்டிகளில் ஒன்று நுரைத்தது, ஆதலால் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் பொடியை (அதுவும் கல்சியம் சல்பேற்றே) வாங்கி அந்தச் சந்தேகத்தையே விட்டுவிட்டேன்.

ஆக, மூன்று பெரிய கண்ணாடிப் போத்தல்கள். முதலாவதில் வயற்சேறும் வயல்நீரும். இரண்டாவதில் களப்புச் சேறும் கடல்நீரும். மூன்றாவதில் முதலாவதில் இட்ட அதே வயற்சேறு, அதே நீர், அதனோடு நான்கு மேசைக்கரண்டி ஜிப்சம். மூன்றிலும் ஒரே அளவு பத்திரிகைக் கடதாசிக் கீலங்கள். உண்மையான பாடத்தைக் கற்பித்தது மூன்றாம் போத்தல்தான். அதை நான் முதலில் திட்டமிடவே இல்லை, மீதிச் சேறு இருந்ததால் நிரப்பினேன்.

மூடியை இறுக்கியது இன்னொரு பிழை. ஐந்தாம் நாள் இரவு முதலாம் போத்தலின் மூடி தெறித்து, சமையலறைச் சுவரில் சேறு கோலம் போட்டிருந்தது. நல்லவேளை கண்ணாடி வெடிக்கவில்லை. அதன் பின்னர் மருந்துக்கடையில் சேலைன் ஏற்றும் மெல்லிய குழாய்களை வாங்கி, மூடியில் துளையிட்டு மெழுகால் அடைத்து, குழாயின் மறுமுனையை நீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்த 50 மில்லிலீற்றர் சிரிஞ்சுக்குள் விட்டேன். வாயு வந்தால் நீரைக் கீழே தள்ளும். சிரிஞ்சின் கோடுகளில் அளவைப் படித்துக் குறித்துக்கொள்ளலாம். பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாடே பின்னர் அளக்கும் கருவியாயிற்று.

மூன்றாவது பிழை வெளிச்சம். அழகாகத் தெரியட்டும் என்று யன்னலோரம் வைத்திருந்தேன். மூன்று வாரங்களில் களப்புப் போத்தலின் கண்ணாடியோரத்தில் ஊதா நிறமும் பச்சை நிறமும் படர்ந்தன. மாணவர்கள் மகிழ்ந்து படம் எடுத்தார்கள். ஆனால் அந்த ஊதாவும் பச்சையும் ஒளியைப் பயன்படுத்தும் கந்தகப் பற்றீரியா. ஆயிரம் மீற்றர் ஆழத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. ஆழ்கடலைக் காட்டவேண்டுமானால் கறுப்புப் பொலித்தீனால் சுற்றிவிட வேண்டும், பார்க்கும் நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும். அழகு போய்விடும்.

முதல் இரண்டு வாரங்களில் வந்த குமிழிகளைக் கண்டு நான் அவசரப்பட்டு 'மெதேன்' என்று கொப்பியில் எழுதியிருக்கிறேன். அப்போது வந்தது பெரும்பாலும் நொதித்தலால் உண்டான காபனீரொட்சைட்டு. சிரிஞ்சிலிருந்த வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரோடு குலுக்கியபோது அது பால்போலாகி, வாயுவின் கனவளவும் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஐந்தாம் வாரத்துக்குப் பின்னரே, குலுக்கிய பிறகும் கனவளவில் பெரும்பகுதி எஞ்சும் வாயு முதலாம் போத்தலில் சேரத் தொடங்கியது. பாடசாலை ஆய்வுகூடத்தில், யன்னல்களெல்லாம் திறந்திருக்க, ஆய்வுகூட உதவியாளர் சோதனைக் குழாயில் அதற்குத் தீக்குச்சி காட்டினார். வெளிர் நீலச் சுவாலை ஒரு கணம் எழுந்து இறங்கியது. அலெஸ்ஸாந்திரோ வோல்ட்டா 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் கிளறிப் பிடித்த அதே 'சதுப்பு வாயு'. வீட்டில் ஒருவரும் இதைச் செய்ய வேண்டாம்.

முதலாம் போத்தல் இவ்வாறு எட்டு ஒன்பது நாளுக்கு ஒரு சிரிஞ்சு நிரப்பிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் போத்தலிலும் மூன்றாம் போத்தலிலும் நீர்மட்டம் அசையவே இல்லை. இரண்டும் கரியாகக் கறுத்தன. இரண்டாவது வெகு விரைவில் நாறத் தொடங்கியது. மூன்றாவது கறுத்தும் சில வாரங்கள் நாறவில்லை. அதற்கும் காரணம் உண்டு: வயற்சேற்றில் இரும்பு அதிகம், உண்டாகும் சல்பைட்டை இரும்பு முதலில் பிடித்துக் கரிய இரும்புச் சல்பைட்டாக்கிவிடும், இரும்பு தீர்ந்த பின்னரே நாற்றம் வெளியே வரும். சல்பைட்டு உண்டா என்று அறிய மூக்கைவிட நிறத்தை நம்பலாம்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோனால் எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்த செய்திகளால் உண்டான பயம் அப்போதும் முழுதாகப் போயிருக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை மேல்மாடி அன்ரி கதவைத் தட்டி, "ரீச்சர், உங்கட வீட்டுப் பக்கத்தாலதான் காஸ் மணக்குது. சிலிண்டரைப் பூட்டிப்போட்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். அவர் முகத்தில் உண்மையான பதற்றம். போத்தலைக் காட்டி விளக்கினேன். மெதேனுக்கு மணமே இல்லை, சமையல் வாயுவுக்கும் இயல்பில் மணமில்லை, கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே மேர்கப்ரன் என்னும் கந்தகச் சேர்வையை அதில் கலக்கிறார்கள், ஆகவே உங்கள் மூக்கு பிழை சொல்லவில்லை, இரண்டிலும் நாறுவது கந்தகமே என்றேன். அவர் ஏற்றுக்கொண்டாரோ இல்லையோ, போத்தல்கள் அன்றே மொட்டைமாடிக்குப் போயின. அதற்குள் சுவாமியறையில் இருந்த அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்துப்போயிருந்தது. அதை விளக்கிக் கொடுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. ஆயினும் ஒரு நன்மை: அதன் பிறகு உடைந்த வெள்ளிக் கொலுசுத் துண்டு ஒன்றைப் போத்தலின் வாயருகே தொங்கவிட்டுச் சல்பைட்டு காட்டியாகப் பயன்படுத்துகிறேன். ஐதரசன் சல்பைட்டைக் குனிந்து முகர்ந்து பார்ப்பது ஆபத்து. செறிவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் நின்றதனால் வாயு நின்றுவிட்டது என்று எண்ணக்கூடாது.

இப்போது என் பெரிய தவறுக்கு வருகிறேன். மூன்று போத்தல்களையும் வகுப்பில் வரிசையாக வைத்து, "பாருங்கள், சல்பேற்று இல்லாத சேற்றிலிருந்து மெதேன் வெளியே வருகிறது, சல்பேற்று உள்ள சேற்றில் மெதேன் உண்ணப்பட்டுச் சல்பைட்டாக வருகிறது, ஆழ்கடலில் நடப்பது இதுவே" என்று முழக்கமிட்டேன். எல்லாம் பொருந்தியது. கேள்வி கேட்ட மாணவியும் தலையசைத்தாள். படங்களை, வெளிநாட்டில் நுண்ணுயிரியல் ஆய்வு செய்யும் என் பழைய மாணவன் ஒருவனுக்கு அனுப்பினேன். அவனுடைய பதில் மரியாதையானது, ஆனால் குறுகியது: "மிஸ், மூன்றாம் போத்தலில் மெதேன் உண்ணப்பட்டது என்று எப்படித் தெரியும்? உண்டாகாமலே இருந்திருக்கலாம் அல்லவா?"

அவன் சொன்னது சரி. கடதாசி அழுகும்போது ஐதரசனும் அசற்றேற்றும் உண்டாகின்றன. சல்பேற்று இல்லாவிட்டால் அவை மெதேன் ஆக்கும் ஆர்க்கியாவுக்கு உணவாகின்றன. சல்பேற்று இருந்தாலோ, சல்பேற்றுத் தாழ்த்தும் பற்றீரியா அவற்றை முந்திக்கொண்டு பறித்துவிடுகின்றன. மெதேன் ஆக்கிகள் பட்டினி கிடக்கின்றன. பிலிப்பைன்ஸ் நெல்வயலில் ஜிப்சம் இட்டபோது மெதேன் வெளியீடு பாதிக்கு மேல் குறைந்தது என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டியதும் இதனால்தான். ஆகவே என் மூன்றாம் போத்தல் காட்டியது பந்தியில் நடந்த போட்டியை. ஆழ்கடற் கசிவில் மெதேன் ஏற்கெனவே ஆழத்தில் உண்டாகி முடிந்து மேலே வருகிறது. அங்கே அதை உண்பவர்கள் வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் 'வாயு வரவில்லை' என்ற ஒரே காட்சி. இரண்டாம் முறையாக வகுப்பில் நின்று "போன கிழமை சொன்னது பிழை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. வெட்கமாக இருந்தது, உண்மைதான்.

ஆனால் இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அடுத்த கேள்வி எழுந்தே இராது: வாயு உண்டாகவில்லையா, உண்ணப்பட்டதா என்பதை விஞ்ஞானிகள் எவ்வாறு பிரித்தறிந்தார்கள்? இதைத் தேடிப் படித்த இரண்டு மாதங்களே இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய ஆதாயம். 1970களிலேயே சந்தேகம் தொடங்கிவிட்டது. வெனிசுலாவுக்கு அருகிலுள்ள கரியாக்கோ அகழியின் படிவுகளை ஆராய்ந்து வில்லியம் ரீபர்க் 1976இல் காட்டியது போல, கீழே மிகுதியாக இருக்கும் மெதேன், ஒட்சிசனைச் சந்திப்பதற்கு வெகு முன்னரே, சல்பேற்று முடியும் மட்டத்தில் காணாமல் போகிறது. யார் உண்கிறார் என்பது மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரியவில்லை. ஏனென்றால் அந்த அங்கியை எவராலும் தனியே வளர்க்க முடியவில்லை.

கைகொடுத்தது காபன் சமதானி, அதாவது ஒரே மூலகத்தின் வேறு திணிவுள்ள அணு. நுண்ணங்கிகள் ஆக்கும் மெதேனில் காபன்-13 என்னும் பாரமான வகை மிகக் குறைவு. கலிபோர்னியாவுக்கு அப்பால் ஈல் ஆற்றுப் படுகையின் கசிவுச் சேற்றில், ஆர்க்கியாவுக்கே உரிய இலிப்பிட்டுகளை, அதாவது கொழுப்புப் பொருள்களை, பிரித்தெடுத்துக் கை-உவே ஹின்றிக்சும் குழுவினரும் 1999இல் அளந்தபோது, அவற்றில் காபன்-13 வழமைக்கு மாறாக மிகமிகக் குறைந்திருந்தது. மெதேனை ஆக்கும் ஆர்க்கியாவாக இருந்தால் அவ்வளவு குறையாது. மெதேனையே உணவாக்கித் தன் உடலைக் கட்டியிருந்தால்தான் அந்த அளவு வரும். உண்டவன் உடலே சாட்சி சொன்னது. மறு ஆண்டு, ஒறிகனுக்கு அப்பால் ஹைட்ரேட் ரிட்ஜ் என்னும் இடத்துச் சேற்றில், அன்ட்யே போயெற்சியுஸ் குழுவினர் ஒளிரும் சாயங்களைக் கொண்டு அவர்களை நேரிலேயே கண்டார்கள்: நடுவில் ஏறத்தாழ நூறு ஆர்க்கியாக் கலங்கள் ஒரு சிறு உருண்டையாக, அதைச் சுற்றி ஓடுபோலச் சல்பேற்றுத் தாழ்த்தும் பற்றீரியா. நேரே தொட்டபடி இருக்கும் இந்தக் கலங்கள் இலத்திரன்களை நேரடியாகவே ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்றுக்கொள்கின்றன என்பதற்கான சான்றுகளை 2015இல் இரு குழுக்கள் வெளியிட்டன.

எனக்கு வியப்பளித்தது அந்தக் கூட்டுவாழ்வின் வறுமை. ஒட்சிசனைக் கொண்டு ஒரு மூல் மெதேனை எரித்தால், நியம நிலையில், ஏறத்தாழ 818 கிலோயூல் சக்தி கிடைக்கும். சல்பேற்றைக் கொண்டு செய்தால் கிடைப்பது ஏறத்தாழ 16.6 கிலோயூல். ஐம்பதில் ஒரு பங்கு. அதையும் இரண்டு குடும்பங்கள் பங்குபோட வேண்டும். அதனால் அவை ஒருமுறை இரட்டிக்கவே மாதக்கணக்காகும். மாணவர்களின் ஈ. கோலி இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் என்ற மனப்பாடத்துக்கு இது நல்ல மருந்து. என் மொட்டைமாடிப் போத்தலில் இவை தாமாகத் தலைகாட்டும் என்று எதிர்பார்த்தது எவ்வளவு பேதைமை என்பதும் அப்போதுதான் விளங்கியது. என்னைப் போல் முயலும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, போத்தலைக் காட்டும்போதே அது எதைக் காட்டாது என்பதையும் அதன் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள் என்பதுதான். என் இரண்டாம் போத்தலில் நான் 'சல்பைட்டு வரும் வழி மட்டும். மெதேன் உண்ணல் அல்ல' என்ற சீட்டை ஒட்டினேன்.

களப்புப் போத்தலுக்கு ஒரு தனிச் சிறப்பும் இருந்தது. பொலித்தீனால் சுற்றி மொட்டைமாடி நிழலில் வைத்த பின், கறுத்த சேறும் நீரும் சந்திக்கும் இடத்தில் சிலந்தி வலைபோன்ற வெள்ளைப் படலம் ஒன்று படர்ந்தது. வெறும் கந்தகப் படிவும் வெள்ளையாகவே தெரியும் என்பதால், துளிசொட்டியால் சிறிது எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நீண்ட இழைகள், உள்ளே மணிமணியாக ஒளிரும் கந்தகத் துணிக்கைகள், இழைகள் மெதுவாக வழுக்கி நகர்ந்தன. பெஜியற்றோவா என்னும் கந்தகப் பற்றீரியாவோ அதன் உறவோதான். 1887இல் வினோகிராட்ஸ்கி இந்த இழைகளை ஆராய்ந்தபோதுதான், ஓர் அங்கி அசேதனப் பொருளை ஒட்சியேற்றியே சக்தி பெறலாம் என்ற எண்ணம் அறிவியலுக்குக் கிடைத்தது. ஆழ்கடற் கசிவுகளில் சேற்றை மூடிக்கிடக்கும் வெள்ளை, செம்மஞ்சள் விரிப்புகளும் இவ்வினத்தவையே. நீர்மூழ்கியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கசிவு இருக்கும் இடத்தைக் காட்டும் கொடி அது. கீழே சல்பைட்டும் மேலே ஒட்சிசனும் இருக்கும் மெல்லிய எல்லையில் இவை வாழ்கின்றன. அன்று வகுப்பில் ஒருவரும் கைத்தொலைபேசியைப் பார்க்கவில்லை.

குழாய்ப்புழுவும் அந்த எல்லையைத் தன் உடலால் தாண்டி நிற்கும் விலங்குதான். மெக்சிக்கோ விரிகுடாவின் லாமெலிபிராக்கியா லூய்மெசி என்னும் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. மேல்முனை நீரிலிருந்து ஒட்சிசனை வாங்க, வேர்போலச் சேற்றில் இறங்கும் கீழ்முனை சல்பைட்டை உறிஞ்ச, உடலுக்குள் வாழும் பற்றீரியா இரண்டையும் சேர்த்து உணவாக்குகின்றன. இரண்டு மீற்றர் நீளம் வளர 170 முதல் 250 ஆண்டுகள் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் 1796இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த காலத்தில் முளைவிட்ட புழு இன்றும் அங்கே நிற்கக்கூடும் என்று நான் சொன்னபோது வரலாறு படிக்கும் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்னும் சுவையான ஒரு கருத்து உண்டு: இந்தப் புழு தன் வேர்கள் வழியே சல்பேற்றைச் சேற்றுக்குள் திருப்பி விடுகிறது, அதனால் கீழே உள்ள நுண்ணங்கிகள் தொடர்ந்து மெதேனை உண்டு சல்பைட்டு தருகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தோட்டக்காரன் தன் பாத்திக்குத் தானே உரமிடுவது போல.

மாணவியின் கேள்விக்கு இன்னொரு பாதிப் பதிலும் உண்டு, அதையும் விட்டுவிடக்கூடாது. கசிவுகளில் மெதேனை நேரடியாகவே பயன்படுத்தும் விலங்குகளும் இருக்கின்றன. அங்குள்ள சில மட்டிகளின் பூக்களில், அதாவது செவுள்களில், மெதேன் உண்ணும் பற்றீரியா குடியிருக்கின்றன. ஆனால் அவை ஒட்சிசனைக் கொண்டு உண்பவை. மட்டி நீரோட்டத்தில் ஓடுகளைத் திறந்து மெதேனையும் ஒட்சிசனையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஆகவே 'மெதேன் கசிவு உயிர்க்கூட்டம்' என்று ஒரு வரியில் எழுதும் குறிப்பை நான் கைவிட்டுவிட்டேன். யாருக்கு ஒட்சிசன் எட்டும், யாருக்குச் சல்பேற்று மட்டுமே எட்டும் என்று இரண்டு நிரல்களாக எழுதவைக்கிறேன். இருகாபனேற்று கூடுவதால் சுண்ணாம்புப் பாறை படிந்து, அதன்மேல் பின்னர் பவளங்கள் குடியேறுவதை மூன்றாவது குறிப்பாகச் சொல்கிறேன்.

நம் கடலில் இவை உண்டா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். வங்காள விரிகுடாவில் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2006இல் நடந்த துளையிடலில் மெதேனும் நீரும் சேர்ந்து உறைந்த மெதேன் ஐதரேற்றுப் பனிக்கட்டி தடித்த படையாகக் கிடைத்தது. அதே படுகையில் உயிர்க்கூட்டத்தோடு கூடிய குளிர்க் கசிவுகளை இந்தியத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தினர் கண்டிருக்கிறார்கள். மன்னார்ப் படுகையில் 2011இல் கிடைத்தது துளையிட்டு எட்டிய இயற்கை எரிவாயு. அது வேறு, கடற்படுக்கையில் தானாகக் கசிவது வேறு. இரண்டையும் குழப்பி விடைத்தாளில் எழுதாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மூன்று போத்தல்களில் இரண்டை ஆறாம் மாதத்தில் கழுவி வைத்துவிட்டேன். மூன்றாவதைச் சோம்பலால் விட்டிருந்தேன். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனபோது, அத்தனை காலமும் அசையாதிருந்த அதன் சிரிஞ்சில் நீர்மட்டம் ஏழு மில்லிலீற்றர் இறங்கியிருந்தது. முதலில் குழாயில் ஒழுக்கு என்று நினைத்து மெழுகைச் சரிபார்த்தேன். ஒழுக்கு இல்லை. மறுநாள் மேலும் இறங்கியது. அடியில் வெள்ளையாகத் தெரிந்த ஜிப்சப் படை காணாமல் போயிருந்தது. சல்பேற்று தீர்ந்துவிட்டது, பட்டினி கிடந்த மெதேன் ஆக்கிகள் பந்திக்குத் திரும்பிவிட்டன. கடற்படிவுகளில் மேலெழும் மெதேனில் 90 சதவீதம் வரை வழியிலேயே உண்ணப்பட்டுவிடும் என்று சொன்னாலும், கசிவு வேகமாக இருக்கும் இடங்களில் சல்பேற்று ஈடுகொடுக்க முடியாமல் குமிழிகள் நீருக்குள் எழுவதும் இதே கணக்கால்தான்.

கேள்வி கேட்ட மாணவி அப்போது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். தொலைபேசியில் சொன்னேன். மாலை நான்கு மணிக்கு 155ஆம் இலக்கப் பஸ்ஸில் வந்திறங்கி, மொட்டைமாடிக்கு ஏறி, சிரிஞ்சின் கோட்டைக் குனிந்து படித்து, போத்தலில் ஒட்டியிருந்த ரேப்பில் பேனையால் திகதியும் '11 மி.லீ.' என்றும் எழுதினாள். பிறகு கேட்டாள்:

"மிஸ், இன்னும் கொஞ்சம் ஜிப்சம் போட்டால் நிக்குமா? அப்ப நிண்டது உண்டாகாததாலயோ, உண்டதாலயோ?"

கீழே போய் மீதிப் பொடி இருக்கிறதா என்று தேடினேன்.